பனைக்கும் வேம்புக்கும் நடுவே ஒரு நேர்கோடு

வாசுதேவநல்லூரில் ரிமோட் விமானம் விடுகிற அண்ணாச்சியிடம் முதல்முறை வரும் பையன்கள் பெரும்பாலும் ஒரே ஆசையோடுதான் வருவார்கள். கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டுவார்கள். மூக்கு வானத்தைப் பார்க்க, வால் தரையைப் பார்க்க, ஒரு விமானம் நின்ற இடத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். "இதை எப்ப அண்ணாச்சி சொல்லித் தருவீங்க?"

அவர் அதற்குப் பதில் சொல்வதில்லை. அறுவடை முடிந்த வயலின் தெற்கு ஓரத்துப் பனையையும் வடக்கு ஓரத்து வேம்பையும் காட்டுவார். "அந்தப் பனையில இருந்து இந்த வேம்பு வரைக்கும் ஒரே உயரத்துல, ஒரே தூரத்துல நேரா ஒரு கோடு போடு பாப்போம். அது வந்தா மத்ததைப் பேசலாம்."

கோடு வராது. மேற்கே மலை. அங்கிருந்து வரும் காற்று விமானத்தின் விலாவில் அடிக்கும். பையன் அதைச் சரிக்கட்ட இறக்கையைச் சாய்ப்பான், விமானம் திரும்பும், திரும்பியதை இழுத்துப் பிடிக்கப் போனால் உயரம் போகும். வேம்பை நெருங்குகையில் விமானம் புறப்பட்ட கோட்டிலிருந்து எங்கேயோ இருக்கும். சாகசப் பறத்தல் என்றால் குட்டிக்கரணம் என்று நினைத்து வந்தவனுக்கு, அதன் முதல் பாடம் நேராகப் போவது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

மதுரை–தென்காசிச் சாலையில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் இவர். ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. இங்கும் அப்படியே இருக்கட்டும். எண்பதுகளின் கடைசியில் கோயம்புத்தூரில் படித்தபோது என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தார். என்.சி.சி.யில் ஏரோமாடலிங் இன்றும் பயிற்சியில் உண்டு. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் உண்டு. அன்றைக்கு அவர் கையில் கிடைத்தது ரிமோட் இல்லை, கம்பி. இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் முனையில் விமானம், மறுமுனையில் கைப்பிடி. நடுவில் நிற்பவர் விமானத்தோடு சேர்ந்து தானும் சுற்ற வேண்டும். மேலே, கீழே என்ற ஒரே கட்டுப்பாட்டில்தான் லூப்பும் தலைகீழ்ப் பறத்தலும். தலை சுற்றி விழுந்த பையன்கள் விழுந்த விமானங்களைவிட அதிகம் என்பார்.

என்ஜின் குட்டி டீசல். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்ததுதான் எரிபொருள். ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்தால் சட்டையில் விளக்கெண்ணெய் வாடை பல சலவைக்குப் போகாது.

பிறகு குளோ என்ஜின் வந்தது. அதற்கு மெத்தனால் வேண்டும். தமிழ்நாட்டில் அதுதான் வில்லங்கம். மெத்தனாலைக் கடையில் போய் வாங்கிவிட முடியாது. அதை வைத்திருக்கவும் விற்கவும் அனுமதி வேண்டும் என்று 1959 முதல் விதிகள் இருக்கின்றன. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கள்ளச்சாராயத்தில் கலந்து உயிரைக் குடிக்கும் சரக்கு அது; 2024-இல் கள்ளக்குறிச்சியில் நடந்ததும் அதுவே. விமானம் விடுவதற்காக மெத்தனால் கேன் வைத்திருக்கிறேன் என்று ஒரு சோதனைச் சாவடியில் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் சிரிக்க மாட்டார். ஆகவே தென் மாவட்டங்களில் இந்தப் பொழுதுபோக்கு பல ஆண்டுகள் எரிபொருள் கிடைத்தவர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது.

அலைவரிசை இன்னொரு தொல்லை. பழைய ரிமோட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரிஸ்டல், அதுதான் சானல். ஒரே சானலில் இருவர் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மேலே இருப்பது யாருடைய விமானமோ அது தரைக்கு வந்துவிடும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை, அதில் சானல் எண் எழுதிய துணி கிளிப்புகள். கிளிப் யார் சட்டையில் இருக்கிறதோ அவர் மட்டுமே ரிமோட்டைத் தொடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வந்த பிறகு கிளிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. ரிமோட்டும் ரிசீவரும் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொள்கின்றன. பத்துப் பேர் ஒன்றாக நின்று விட்டாலும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. அந்த அலைவரிசைக்குக் குறிப்பிட்ட சக்திக்குள் உரிமம் தேவையில்லை என்று இந்தியாவில் 2005-இல் ஆனது. அண்ணாச்சி கணக்கில் மின்மோட்டாருக்குச் சமமான மாற்றம் இது.

மின்சாரத்தில் மாடல் விமானம் பறப்பது இப்போது வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் ‘ரேடியோ குயின்’ என்ற மாடலை மின்மோட்டாரில், ரேடியோக் கட்டுப்பாட்டில் பறக்கவிட்டது 1957 ஜூன் 30 அன்று. ஜெர்மனியில் ஃப்ரெட் மிலிட்கி அடுத்த சில ஆண்டுகளில் மின் மாடல்களைக் கடைக்கே கொண்டுவந்தார். 1973-இல் ஆள் ஏறிப் பறக்கும் மின்விமானம் ஒன்றும் அவர் முயற்சியில் எழும்பியது. ஆனாலும் நிக்கல்–காட்மியம் பேட்டரியின் கனம் யாரையும் உயர விடவில்லை. மின்விமானம் என்றால் தயங்கித் தயங்கி ஏறி, ஒரு வட்டம் அடித்து, இறங்குவது. லூப் போட வேண்டுமானால் முதலில் டைவ் அடித்து வேகம் சேர்க்க வேண்டும்.

இரண்டு பொருள்கள் சேர்ந்து அதை மாற்றின. ஒன்று, கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார். வெளி ஓடே சுற்றும் வகை. மற்றொன்று, கைபேசிக் காலம் கொண்டுவந்த லித்தியம்–பாலிமர் பேட்டரி, பையன்கள் வாயில் லைப்போ. இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் இவை இந்தியக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. டேப் ரெக்கார்டர் மோட்டாரின் பிரஷ்ஷை மாற்றி மாற்றிக் கை காய்த்த அண்ணாச்சிக்கு, மூன்று வயர் மட்டும் நீட்டிக்கொண்டிருந்த அந்த மோட்டார் முதலில் புதிராகவே இருந்தது. எந்த வயர் பிளஸ், எது மைனஸ்? எதுவும் இல்லை. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்றில் ஏதாவது இரண்டை மாற்றிப் போடு; தீர்ந்தது.

அவர் மேஜையில் பாடம் கணக்கில்தான் தொடங்கும். மோட்டாரின் மேல் 1000 கேவி என்று போட்டிருந்தால் ஒரு வோல்ட்டுக்கு ஆயிரம் சுற்று. மூன்று செல் லைப்போவின் சராசரி 11.1 வோல்ட், சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 11,100 சுற்று. இந்தியாவில் எந்த ஹாபி கடையிலும் கிடைக்கும் 2212 மோட்டாருக்குப் பத்தங்குலச் சுழல் இறகு மாட்டினால் ஏறத்தாழ 150 வாட் சக்தி, 800 கிராமுக்குப் பக்கத்தில் இழுவை. விமானம் 600 கிராம் என்றால் லூப்பும் ரோலும் தாராளமாக வரும். மூக்கை மேலே வைத்துத் தொங்கவிட வேண்டுமானால் இழுவை எடையைவிட ஒன்றரை மடங்காவது இருப்பது நல்லது. ஒரு கிலோவுக்கு 400 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். "கூடுதல் மோட்டார் போட்டா என்ன அண்ணாச்சி?" என்று ஒருவன் கேட்பான். கூடுதல் மோட்டாருக்குக் கூடுதல் பேட்டரி, அதற்குக் கூடுதல் எடை, எடைக்குக் கூடுதல் வேகம், அந்த வேகத்தில் இறங்க நீளமான தரை. நம்மிடம் இருப்பதோ வரப்புக்கு வரப்பு ஒரு வயல்.

பெட்டியில் வரும் விமானம் முக்கால்வாசி செய்தே வருகிறது. மாலைக்குள் முடித்துவிடலாம் என்று பெட்டியின் மேல் போட்டிருப்பார்கள். அண்ணாச்சி அதை நம்புவதில்லை. இறக்கையில் ஒட்டிய கீல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். மோட்டார் மாட்டும் முன்பலகை உடலோடு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்ப்பார். சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். அதன்பின் எபாக்ஸி இன்னொரு பூச்சு. தெர்மோகோல் விமானம் என்றால் பெவிக்விக் பக்கமே போகக் கூடாது. சாதாரண பெவிக்விக் தெர்மோகோலைத் தின்றுவிடும். அவசரத்தில் ஒட்டி, இறக்கை நடுவில் குழி விழுந்த விமானங்கள் அவர் கடைக்கு மாதம் ஒன்றாவது வரும்.

கட்டுப்பாட்டுத் தகடுகளை அசைக்கும் கம்பிக்கு அவர் இன்றும் சைக்கிள் போக்கிஸ் கம்பிதான் பயன்படுத்துகிறார். ஒரு முனையில் மரை ஏற்கெனவே இருக்கிறது, மறுமுனையை மூக்குக் குறட்டால் இசட் எழுத்தாக மடக்கினால் போதும். எளிதில் வளையாது, துருப் பிடிக்காது, எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் கம்பி மெலிசு; வேகமாகப் போகையில் வளைந்து கொடுத்து தகட்டை நடுங்கவிடும். தகடு நடுங்க ஆரம்பித்தால் கீல் பிய்ந்துவிடும்.

தகடுகளை அசைக்கும் குட்டி மோட்டாரான செர்வோவை மாட்டுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ரிமோட்டையும் ரிசீவரையும் போட்டு, செர்வோவை நடு நிலைக்குக் கொண்டுவந்து, பிறகே செர்வோவின் கையை மாட்ட வேண்டும். கை செங்குத்தாக நிற்க வேண்டும். கம்பியின் நீளத்தை மரையில் சரிசெய்ய வேண்டும். பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். கையை எப்படியோ மாட்டிவிட்டு, கோணலை ரிமோட்டில் டிரிம் போட்டுச் சரிக்கட்டுவார்கள். தரையில் எல்லாம் நேராகத் தெரியும். மேலே போனால் வலது ரோல் ஒரு வேகம், இடது ரோல் ஒரு வேகம்.

புவியீர்ப்பு மையம்தான் அவர் அதிக நேரம் செலவிடும் இடம். பேட்டரி உட்பட எல்லாம் மாட்டிய பிறகு, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இரண்டு பக்கமும் விரல் நுனி வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். சாகச விமானத்துக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கனத்தால் பறக்கும், ஆனால் சோம்பலாகப் பறக்கும். வால் கனத்தால் ஒரு முறைதான் பறக்கும் என்பது எல்லா நாட்டு மாடல்காரர்களும் சொல்வது. சரிக்கட்ட ஈயக் குண்டு ஒட்டுவதை அவர் விரும்புவதில்லை. பேட்டரியை அங்குலம் அங்குலமாக முன்னும் பின்னும் நகர்த்துவார், இடம் கிடைத்ததும் வெல்க்ரோ போட்டு, அதன்மேல் பட்டையும் கட்டுவார். லூப்பின் உச்சியில் பேட்டரி நகர்ந்தால் மையமும் நகரும்.

இவ்வளவும் முடிந்தபின் இறக்கைத் தகடான அய்லரானைப் பார்க்கும் சடங்கு. விமானத்துக்குப் பின்னால் நின்று, ரிமோட்டின் குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் தகடு மேலே எழ வேண்டும், இடது கீழே. மாறி இருந்தால் விமானம் எழும்பிய அடுத்த நொடி விழுந்துவிடும். அனுபவசாலிகளின் விமானங்களும் இதில்தான் அதிகம் போயிருக்கின்றன, ஏனென்றால் அனுபவசாலிகள் பார்ப்பதில்லை. ஒவ்வொரு காலையும், முதல் பறத்தலுக்கு முன், பையன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "வலது, வலது மேல." சொல்லாதவன் ரிமோட் அவர் கைக்குப் போய்விடும்.

மோட்டார் சுற்றும் இறகைக் கடைசி வரை மாட்டுவதில்லை. பெட்ரோல் என்ஜின் உறுமும், உறுமலைக் கேட்டுக் கை தானாகப் பின்வாங்கும். மின்மோட்டார் சும்மா உட்கார்ந்திருக்கும். ரிமோட்டில் யாரோ கை பட்டால் முழு வேகத்தில் பாயும். அவர் பார்த்த கை வெட்டுகளில் பெரும்பாலானவை மைதானத்தில் நடந்தவையல்ல. வீட்டு மேஜையில், "சும்மா ஒரு தடவை பாப்போம்" என்று போட்டபோது நடந்தவை. ஃபெயில்சேஃப் என்ற அமைப்பையும் அதனால்தான் அவர் விடாமல் பார்ப்பார்: ரிமோட்டை அணைத்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். சில ரிமோட்டுகளில் அதை நாமே அமைத்தால்தான் உண்டு.

லைப்போவை அவர் மண்சட்டியில் வைத்துத்தான் சார்ஜ் போடுவார். கீழே மணல். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். படுக்கப் போகும்போது சார்ஜ் போட்டுவிட்டுப் போவது அவர் கடையில் மன்னிக்க முடியாத குற்றம். முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட். 3.5-க்குக் கீழே இறங்கவிட்டால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். நாளைக்குப் பறக்கப் போவதில்லை என்றால் 3.8-இல் வைக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் பைக் டிக்கியில் முழுச் சார்ஜோடு வைத்த பேட்டரி சாயங்காலம் உப்பியிருக்கும். 2200 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் முழு வேகத்தில் பத்து நிமிடம் வரும் என்று கணக்கு சொல்லும். அவர் ஏழாவது நிமிடம் இறக்கிவிடுவார். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினால் இறங்குகிற நேரத்தில் மோட்டார் கைவிடும். இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு, எந்தக் கையேட்டிலும் இருக்காது. வாசுதேவநல்லூரிலிருந்து புளியங்குடி வரை எலுமிச்சைத் தோட்டம். விமானம் எலுமிச்சை மரத்தில் விழுந்தால் சேதம் கொஞ்சம்தான், கிளை தாங்கிக்கொள்ளும். ஆனால் முள் பேட்டரியின் உறையில் ஏறியிருக்கும். துளை பட்ட லைப்போ உடனே புகையலாம், அரை மணி நேரம் கழித்தும் புகையலாம். மரத்திலிருந்து எடுத்த விமானத்தின் பேட்டரியை வெறுந்தரையில் தனியாக வைத்துவிட்டு, பிறகுதான் இறக்கை உடைந்ததா என்று பார்க்க வேண்டும்.

இனிக் காற்று.

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை–ஆரியங்காவு கணவாய் வழியாக உள்ளே வருகிறது. குற்றாலத்தில் சாரலாக விழுவது கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. கயத்தாறில் காற்றாலைகளுக்கான மத்திய அரசின் சோதனை நிலையமே இருக்கிறது. வாசுதேவநல்லூர் அந்தக் கணவாய்க்கு நேரெதிரே இல்லை. வடக்கே தள்ளி, மலையின் மறைவில் இருக்கிறது. மறைவு என்றால் அமைதி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மலைமுகட்டைத் தாண்டிய காற்று இந்தப் பக்கம் சரிந்து விழுந்து சுருளும். தரையில் துண்டு அசையாது. ஐம்பது அடி மேலே விமானம் குலுங்கும். திடீரென்று காலடியில் தரை போனதுபோல் இறங்கும், முழு மோட்டார் போட்டாலும் இறங்கும்.

ஆனி, ஆடி, ஆவணியில் அதனால் விமானங்கள் பெரும்பாலும் பெட்டியில்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பிசான அறுப்பு முடிந்து வயல் காய்ந்த பிறகு வரும் மாசி, பங்குனிக் காலைகள்தான் அவருடைய சீசன். சூரியன் ஏறி நிலம் சூடாவதற்குள் முடித்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெப்பக் காற்று எழும்ப ஆரம்பித்துவிடும். அதற்கு முதல் அறிகுறி பருந்துகள். இறக்கை அடிக்காமல் வட்டம் போடத் தொடங்கினால் மேலே தூக்குகிற காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றிரண்டு விமானத்தின் அருகில் வந்து எட்டியும் பார்க்கும். பருந்து வந்தால் மோட்டாரைக் குறைத்து இறக்கிவிடு என்பது அவர் கட்டளை. பறவைக்கு அடிபடக் கூடாது என்பது ஒன்று; கருடனை அடித்தான் என்று ஊரில் பேச்சு வந்தால் அத்தோடு வயல் போய்விடும் என்பது இன்னொன்று.

புது விமானத்தின் முதல் பறத்தலில் எந்த வித்தையும் கிடையாது. காற்றுக்கு எதிராக எழுப்பி, இரண்டு பனை உயரம் ஏற்றி, பாதி மோட்டாரில் மட்டமாகப் பறக்கவிட்டு, குச்சியை விட்டால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து டிரிம் செய்ய வேண்டும். அடுத்தது 45 பாகையில் ஏற்றித் தலைகீழாகத் திருப்பிக் குச்சியை விடுவது. மூக்கு வேகமாகக் கீழே சாய்ந்தால் முன்பக்கம் கனம். கிட்டத்தட்ட அப்படியே போனால் மையம் சரி. மேஜையில் விரல் நுனியில் பார்த்ததை வானம் திருத்திக் கொடுக்கும் சோதனை இது.

லூப் எல்லோருக்கும் வரும். வட்டமான லூப் சிலருக்குத்தான் வரும். ஏறும்போது மோட்டாரைக் கூட்டி, உச்சியில் குறைத்து, இழுப்பையும் அங்கே தளர்த்தாவிட்டால் மேல்பாதி சிறுத்துப்போகும். காற்று அடிக்கும் நாளில் வட்டம் காற்றோடு நகர்ந்து வேறோர் இடத்தில் முடியும். ரோலில் விமானம் தலைகீழாகும் அந்த அரை நொடியில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் குச்சியைக் கொஞ்சம் முன்னே தள்ள வேண்டும்; தள்ளாவிட்டால் ரோல் முடிகையில் மூக்கு தரையைப் பார்க்கும். பயத்தில் பின்னே இழுத்தவர்கள் விமானத்தை நேராக மண்ணுக்குள் செலுத்தியிருக்கிறார்கள். தலைகீழாக இருக்கும்போது இழுப்பது இறக்கும், தள்ளுவது ஏற்றும். இதை மூளைக்குச் சொன்னால் போதாது, கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டும்.

தன்னை நோக்கி வரும் விமானம்தான் புதியவனின் எமன். அப்போது வலது இடதாகத் தெரியும். அண்ணாச்சி சொல்லிக்கொடுக்கும் உத்தி உலகம் முழுக்க உள்ளதுதான்: எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு, முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள். வலது இடது என்ற யோசனையே வேண்டாம்.

போட்டிக்காரர்களின் உலகத்தில் இந்த நேர்கோட்டுக்குத்தான் மதிப்பெண். சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் எஃப்3ஏ பிரிவில் விமானம் நீளத்திலும் இறக்கை விரிவிலும் இரண்டு மீட்டருக்குள், எடை ஐந்து கிலோவுக்குள். விமானியிடமிருந்து சுமார் 150 மீட்டர் தொலைவில், இடமும் வலமும் 60 பாகை, உயரத்திலும் 60 பாகை என்று வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டம். வித்தைகளை அதற்குள் வரிசையாகப் போட வேண்டும். நடுவர்கள் பார்ப்பது வட்டம் வட்டமாக இருக்கிறதா, கோடு கோடாக இருக்கிறதா, நடு நடுவில் வந்ததா என்பதை. ஒரு காலத்தில் குளோ என்ஜின் ஆண்ட அந்தப் பிரிவில் இன்று பெரும்பாலும் மின்மோட்டார்தான். காரணம் சக்தி மட்டுமல்ல. என்ஜின் எரிபொருளைக் குடிக்கக் குடிக்க விமானத்தின் எடையும் மையமும் மாறும். பேட்டரி காலியானாலும் எடை அதேதான். இறங்கும் கோட்டில் இறகையே பிரேக்காகவும் வைத்துக்கொள்ளலாம். பையன்கள் கொண்டுவரும் தொங்கல் வித்தைக் காணொளிகளுக்கு நடுவே அண்ணாச்சி இந்தப் போட்டிக் காணொளிகளைப் போட்டுக் காட்டுவார். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். மீதிப் பேரைத்தான் அவர் மறுவாரம் வரச் சொல்வார்.

கூட்டம் திடீரென்று கூடியது 2018-இல். நடிகர் அஜித்குமாருக்கு ரிமோட் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் நெடுநாள் பழக்கம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ‘தக்‌ஷா’ மாணவர் குழுவுக்கு அவர் அந்த ஆண்டு ஆலோசகரானார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பெற்றது. அப்துல் கலாம் படித்த வளாகம் என்ற பெருமையோடு இந்தச் செய்தியும் சேர்ந்துகொள்ள, தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். சினிமாவைப் பற்றி அண்ணாச்சிக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனால் முன்பு "இந்த வயசுல பொம்மை விமானமா?" என்று கேட்டவர்கள் அதற்குப் பிறகு கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறார்.

சட்டமும் அந்த ஆண்டுகளில்தான் குழம்பித் தெளிந்தது. 2014 அக்டோபரில் பொதுமக்கள் ஆளில்லா விமானம் பறக்கவிடவே கூடாது என்று அறிவிப்பு வந்தது. 2018 டிசம்பரில் கடுமையான நிபந்தனைகளோடு கதவு திறந்தது. 2021 ஆகஸ்டு 25-இல் வந்த டிரோன் விதிகள் நிறையத் தளர்த்தின: பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் விடும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாடலுக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம்; இரண்டு கிலோ வரையிலான ஆளில்லா விமானத்தை வணிக நோக்கமின்றி இயக்க விமானி உரிமம் வேண்டாம். அதற்காக எங்கும் விடலாம் என்பதில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமாக இருக்க வேண்டும், 400 அடிக்கு மேல் போகக் கூடாது. மேற்கே வனத்துறை எல்லைக்குப் பக்கத்தில் போனால் அது வேறு வழக்கு. புதுப் பையன் வந்தால் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று அனுப்புவார். சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறதோ இல்லையோ, ஊருக்குள் அது உதவுகிறது.

பொருளும் மாறிவிட்டது. பால்சா மரம் ஈக்வடாரிலிருந்து வர வேண்டும். 2020 வாக்கில் அதன் விலை உலகம் முழுக்க எகிறியது. வாங்கிக் குவித்தது மாடல்காரர்கள் இல்லை, காற்றாலைக் கம்பெனிகள். பெரிய காற்றாலைகளின் இறக்கைக்குள் நிரப்பியிருப்பதும் இதே பால்சாதான். சுரண்டைப் பக்கம் சுற்றுகிற இறக்கைகளைக் காட்டி, "நம்ம மரம் அங்கன சுத்துது பாரு" என்பார். கையில் கிடைப்பது இன்று பெரும்பாலும் நுரைப் பலகை. விழுந்தால் உடையாது, உடைந்தாலும் அரை மணியில் ஒட்டிவிடலாம். அது நல்லதா என்பதில் அவருக்குச் சந்தேகம் உண்டு. ஒரு மாதம் பால்சாவை அறுத்துத் தேய்த்துச் செய்தவன் அதை வானில் ஏற்றுகையில் காட்டும் ஜாக்கிரதை, பெட்டியிலிருந்து எடுத்தவனிடம் இருப்பதில்லை.

கைரோ விஷயத்தில் சந்தேகமே இல்லை, எதிர்ப்புத்தான். காற்று தள்ளியதும் தானாகத் திருத்திக்கொள்ளும் சிறு பெட்டி அது, இப்போது ரிசீவருக்குள்ளேயே வருகிறது. அதைப் போட்டவன் முதல் நாளே பனைக்கும் வேம்புக்கும் நடுவே கோடு போட்டுவிடுவான். அணைத்துவிட்டுப் போடச் சொன்னால் நிற்பான். நியாயமாகப் பார்த்தால் அண்ணாச்சியின் கட்சி கொஞ்சம் பிடிவாதமானது. மலையோரக் காற்றில் ஒரு பள்ளிப் பையனின் விமானம் முழுசாக வீடு திரும்ப கைரோ உதவுகிறது என்பதும் உண்மை. சிமுலேட்டரை மட்டும் அவர் மறுப்பதில்லை. ஆடி மாதம் முழுக்க இலவச சிமுலேட்டரில் தலைகீழ்ப் பறத்தல் பழகியவன், மாசியில் வயலுக்கு வரும்போது பாதி தூரம் கடந்துவிட்டான் என்பது அவரே ஒப்புக்கொண்டது.

தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தது. பொறியியல், வேளாண் கல்லூரிகள் இருக்கின்றன; டிரோனில் மருந்து தெளிக்கிறார்கள், அதற்கு ஆள் தேடுகிறார்கள். மாடல் விமானம் விட மட்டும் ஒரு நிலையான இடம் இல்லை. நட்டால் வயல் போச்சு, மழை பெய்தால் குளம் போச்சு என்று ஒவ்வோர் ஆண்டும் இடம் தேடி அலைகிறார்கள். கல்லூரி மைதானம் ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒன்பது வரை பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது. வடக்கு தெற்காக நூறு மீட்டர் தரை, சுற்றிலும் மின்கம்பி இல்லாமல், ஆள் நடமாட்டத்திலிருந்து தள்ளி இருந்தால் போதும். நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த மூன்று மணி நேரத்தைத் திறந்துவிடுங்கள். காப்பீடு, முதலுதவி, விமானி நிற்கும் கோடு எல்லாவற்றையும் மாணவர்களே எழுதிக்கொடுத்துவிடுவார்கள்; அண்ணாச்சி வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.